பெயர், பதவி, முகவரி, கையொப்பம்

சென்னைக்கு நான் கோயில் பார்க்க வரவில்லை. புடவை வாங்கவும் வரவில்லை. மலேசியாவில் கிள்ளானிலிருந்து வருகிறேன் என்றதும் விமான நிலையம் தொடங்கி ஆட்டோ வரைக்கும் எல்லோரும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் எனக்கு ஒதுக்கினார்கள். நான் வந்தது ஒரு கூட்டத்துக்கு. ஆள் கடத்தலில் சிக்கி மீண்டவர்களுக்குச் சட்டத்தில் என்னென்ன பாதுகாப்பு கொடுக்கலாம் என்று ஒரு வரைவு போட்டிருக்கிறார்கள். அதைப் பற்றி அரசுத் துறைகள் ஒன்றுகூடித் தங்கள் கருத்தைச் சொல்லும் கூட்டம். ஒரு விஷயத்துக்குக் கருத்து சொல்ல இத்தனை துறைகள் உண்டு என்பதே அங்கே போய்த்தான் எனக்குத் தெரிந்தது.

என்னை ஏன் கூப்பிட்டார்கள் என்று சொல்லிவிடுகிறேன். கிள்ளானில் எனக்கு ஒரு காலைச் சாப்பாட்டுக் கடை. நாசி லெமாக், ரொட்டி சானாய், தோசை. படிப்பு ஐந்தாம் படிவத்தோடு, இந்த ஊர்க் கணக்கில் பதினோராம் வகுப்போடு சரி. சில ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு விடியற்காலை, கடையின் பின்சந்து வழியாக ஒரு பெண் செருப்பில்லாமல் வந்து தண்ணீர் கேட்டாள். தமிழ்நாட்டுப் பெண். சமையல் வேலை என்று சொல்லி அவள் ஊர் ஏஜெண்டு ஒருத்தன் கூட்டிவந்து, பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, ஒரு கடைவீட்டின் மாடியில் எட்டு மாதம் பூட்டி வைத்திருந்தான். மற்றதை நான் எழுதமாட்டேன். அது அவள் சொல்ல வேண்டியது.

அவளைச் செல்வி என்று எழுதுகிறேன். அது அவள் பெயர் இல்லை.

தண்ணீர் குடித்தவளை நான் போலீசிடம் கூட்டிப்போனேன். நல்லது செய்வதாக நினைத்துத்தான். விசா முடிந்து தங்கினாள் என்று எங்கள் ஊர் அதிகாரிகள் அவளையே உள்ளே வைத்தார்கள். பிறகு ஊருக்கு அனுப்பினார்கள். இங்கே வந்தால் காப்பகத்தில் ஏழு மாதம். அதனால் எங்கள் ஊர் ஒழுங்கு, இந்த ஊர் மோசம் என்று எழுத எனக்கு வாய் வராது. இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் திட்டு.

முதல் நாள் ஆட்டோக்காரர் பெயர் தாஸ். நாற்பது வயது இருக்கும். நான் பேசியதைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "இன்னாமா, டிவில நியூஸ் வாசிக்கிற மாதிரியே பேசிக்கினு வர்றீங்க" என்றார். மயிலாப்பூரில் எனக்கு அறை போட்டிருந்த தெருவுக்குள் வண்டி போகாது. மெட்ரோவுக்காகத் தெருமுனையை நீலத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். சுற்றிப் போகலாமே என்றேன். "எங்க சுத்துறது? ரோடு எங்க கீது, பள்ளம்தான் கீது" என்று சொல்லிவிட்டு, என் பெட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு தகரத்துக்கும் பூக்கடைக்கும் நடுவே இருந்த ஒரு முழ இடைவெளியில் நடந்தார். பின்னாலேயே நானும் சாக்கடையைத் தாண்டித் தாண்டிப் போனேன். அடுத்த நாட்களுக்கும் இவரையே வரச் சொல்லி எண்ணை வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்காரர் வைதேகி மாமி. எழுபது தாண்டியவர், தனியாக இருக்கிறார், மேல் அறையை வாடகைக்கு விடுகிறார். ஏதோ ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். "ஆத்துல லிஃப்ட் கிடையாது, பெட்டியைக் கீழயே வச்சிடுங்கோ" என்றுதான் வரவேற்றார். காபி கொடுத்தார். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு மிடறில் முடிந்துவிட்டது. எங்கள் ஊரில் கோப்பி என்றால் ஒரு குவளை முழுக்க வரும். குடித்து முடிப்பதற்குள் ஒருவரோடு சண்டை போட்டுச் சமாதானமும் ஆகிவிடலாம்.

இரண்டாம் நாள் காலை பொங்கலும் வடையும். பொங்கலில் நெய் மிதந்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கூட்டம் அடையாற்றில் ஓர் அலுவலகத்தின் பயிற்சிக் கூடத்தில். பத்து மணிக்கு என்றார்கள். ராஜா அண்ணாமலைபுரம் தாண்டுவதற்குள்ளேயே பத்தாகிவிட்டது என்று நான் பதறினேன். "கவர்மென்ட் மீட்டிங்தானே, மெதுவா போலாம்" என்றார் தாஸ். அவர் சொன்னதுதான் சரி. பதினொன்றே காலுக்குத்தான் முதல் அதிகாரி வந்தார்.

செல்வி எனக்கு முன்னாலேயே வந்து வாசலில் நின்றாள். தி.நகரில் ஒரு கடையில் ரவிக்கை தைக்கிறாள். அங்கேயே பக்கத்தில் பெண்கள் விடுதியில் இருக்கிறாள். கடையில் வங்கிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். மாம்பழ நிறத்தில் புதுப் புடவை. கையில் ஒரு புதுப் பேனா. எங்கள் இருவரையும் அழைத்த தொண்டு நிறுவனத்துப் பெண் ரேவதி எங்களை நீள மேசையின் கடைசியில் உட்காரவைத்தாள். மற்ற எல்லோருக்கும் முன்னால் துறையின் பெயர்ப் பலகை. எங்களுக்கு முன்னால் தண்ணீர்ப் போத்தல்.

வரைவில் முக்கியமானவை நான்கு. பாதிக்கப்பட்டவரின் அடையாளம் எந்த விதத்திலும் வெளியே போகக் கூடாது. கட்டாயப்படுத்தப்பட்டுச் செய்த தவறுக்கு, அதாவது பொய்ப் பாஸ்போர்ட், விசா முடிந்து தங்கியது மாதிரி விஷயங்களுக்கு, அவர்மேலேயே வழக்கு போடக் கூடாது. விருப்பம் இல்லாதவரைக் காப்பகத்தில் வைக்கக் கூடாது. நிவாரணம் கொடுக்க வழக்கு முடியும்வரை காத்திருக்கக் கூடாது. படித்தபோது எனக்கு உருப்படியாகத்தான் தோன்றியது. நான்கும் இருந்திருந்தால் செல்வியின் வாழ்க்கையில் இரண்டு வருடம் மிச்சம்.

கூட்டத்தை நடத்திய மூத்த அதிகாரி ஒரு பெண்மணி. அமைதியானவர். ஒவ்வொரு துறையாகக் கருத்து கேட்டார்.

காப்பகம் நடத்துகிறவர்கள் தரப்பில் வந்தவர், விருப்பப்பட்டால் போகலாம் என்று விட்டால் பதிவேட்டை எப்படிப் பராமரிப்பது என்று கேட்டார். வெளியே போய் ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்றும் கேட்டார். உள்ளே இருக்கும்போது ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்று அவரை யாரும் கேட்கவில்லை. காவல் தரப்பில் வந்தவர், சாட்சியை ஒரு தடவை விட்டுவிட்டால் மறுபடி பிடிக்க முடியாது என்றார். பிடிக்க என்றுதான் சொன்னார். தொழிலாளர் தரப்பில் வந்தவர், வெளிநாட்டில் நடந்தால் தங்கள் வரம்பில் வராது, உள்நாட்டில் நடந்தால் அதற்கு வேறு சட்டம் இருக்கிறது, ஆகவே கருத்து இல்லை என்றார். கருத்து இல்லை என்பதை ஆறு நிமிடம் சொன்னார். நிதித் தரப்பு கொள்கை அளவில் ஏற்றுக்கொண்டது. கொள்கை அளவில் என்றால் என்ன என்று ரேவதியிடம் கிசுகிசுத்தேன். "காசு இல்லன்னு அர்த்தம் ஆன்ட்டி" என்றாள்.

சட்டம் பார்க்கிற ஒருவர் பச்சை மையில் குறித்துக் கொண்டுவந்திருந்தார். கூடாது, கூடாது என்று நிறைய இடத்தில் இருக்கிறது, அங்கெல்லாம் இயன்றவரை தவிர்க்கப்பட வேண்டும் என்று போட்டால் நடைமுறைக்குச் சுலபம் என்றார். பாதிப் பேர் தலையாட்டினார்கள். கோபத்தையும் கழிப்பறை அவசரத்தையும் அதுவரை அடக்கி வைத்திருந்தேன். எழுந்து வெளியே போனேன்.

பெண்கள் கழிப்பறை பூட்டியிருந்தது. சாவி ஓர் ஆயாவிடம். ஆயா டீ குடிக்கப் போயிருக்கிறார். ஆண்கள் கழிப்பறை திறந்தே கிடந்தது. கிள்ளானில் கழிப்பறைக்கு வாசலில் உட்கார்ந்து சில்லறை வாங்குவார்கள், ஆனால் கதவாவது திறந்திருக்கும். இருபது நிமிடம் அந்த வராந்தாவில் நின்றேன். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், அந்த இருபது நிமிடத்தில்தான் எல்லாம் நடந்தது.

நான் திரும்பி வந்தபோது முதல் பாதுகாப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அடையாளம் வெளியே போகக் கூடாது என்பதில் யாருக்காவது மாற்றுக் கருத்து உண்டா என்று அதிகாரி கேட்டார். ஒருவருக்கும் இல்லை. அன்றைக்கு எல்லாத் துறைகளும் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான். அப்போது கட்டம் போட்ட தாள் ஒன்று மேசையைச் சுற்றி முடித்து, சுவரோரம் நின்ற உதவியாளர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. நான் அதைக் கவனித்தேன். என்ன தாள் என்று கேட்கவில்லை.

பிறகு செல்வியைப் பேசச் சொன்னார்கள். நான்கு நிமிடம். எழுந்து நின்று பேசினாள். ஏஜெண்டைப் பற்றி, மாடியைப் பற்றிச் சொல்லிவிட்டு, கடைசியில் சொன்னாள்.

"என்னைக் காப்பாத்துனதா எல்லாக் காகிதத்துலயும் எழுதியிருக்கு. காப்பாத்தி எங்க வச்சீங்க? அங்கயும் பூட்டு, இங்கயும் பூட்டு. சாவி வச்சிருந்த ஆளு மட்டும்தான் வேற. எனக்கு என்ன வேணும்னு இன்னிக்கு வரைக்கும் ஒருத்தரும் கேக்கல. நானா சொல்றேன். என்னை நம்புங்க, வெளிய விடுங்க, அந்த ஆளைப் பிடிங்க."

 அதிகாரி நன்றி சொன்னார். சாப்பாடு வந்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள்.

பொட்டலச் சாப்பாடு. சாம்பார் சாதம், தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல், ஒரு பாதுஷா. அடையாளத்தைப் பாதுகாக்க ஒத்துக்கொண்ட அத்தனை பேரும் செல்வியிடம் வந்து எந்த ஊர், எந்தத் தெரு, யார் மகள் என்று அன்பாக விசாரித்தார்கள். மூன்றாவது ஆளை நான் முறைத்தேன். அவர் பாதுஷாவை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

மாலை தி.நகரில் செல்வி என்னை ஒரு பழச்சாறு கடைக்குக் கூட்டிப்போனாள். கூட்டம் தோளோடு தோள் இடித்துக்கொண்டு போனது. எனக்கு மூச்சு முட்டியது. அவளுக்கு அதுதான் பிடித்திருக்கிறது. "இங்க யாரும் யாரையும் பாக்க மாட்டாங்க அக்கா. அதான் இங்க இருக்கேன்" என்றாள். ஏஜெண்டு ஜாமீனில் வெளியே இருக்கிறான். ஊரில் அவள் எங்கே என்று விசாரித்துக்கொண்டே இருக்கிறான். வழக்கில் முதல் சாட்சி அவள்தான். இன்னும் சில வாரங்களில் அவள் கோர்ட்டில் ஏற வேண்டும். அவள் சென்னையில் இருப்பது அவள் அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

ஏழு மணிக்கு மயிலாப்பூர் திரும்பினேன். மாமி எனக்கு அடை வார்த்துக்கொண்டே கூட்டம் எப்படி என்று கேட்டார். இதுவரை யார் கேட்டும் நான் விவரம் சொல்லவில்லை. மாமியிடம் சொன்னேன், பெயர் இல்லாமல். துறைகளின் கருத்தைக் கேட்டு அவர் ஆச்சரியப்படவே இல்லை. முப்பது வருடம் இதையே பார்த்தவர். தோசைக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"அட்டெண்டன்ஸ்ல அந்தப் பொண்ணு கையெழுத்துப் போட்டாளா?"

எனக்குத் தெரியாது என்றேன்.

"கேளுங்கோ. அந்த ஷீட்டு மினிட்ஸோட பின்னிணைப்பா போகும். வந்த துறைக்கெல்லாம் போகும், எல்லா ஜில்லா ஆபீஸுக்கும் போகும். அங்க தபாலைப் பிரிக்கறதே நாலு பேர்."

அடை கருகும் வாசம் வந்தது. நான் செல்வியைக் கூப்பிட்டேன். ஆமாம், போட்டாள். எல்லோரும் போட்டார்கள், அவளும் போட்டாள். புதுப் பேனாவால் பெயர் எழுதி, விடுதி முகவரி எழுதி, கைப்பேசி எண் எழுதி, அழகாகக் கையெழுத்தும் போட்டிருக்கிறாள். பதவி என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று முழித்தாளாம். உதவியாளர் குனிந்து, தன் பேனாவால் அந்தக் கட்டத்தில் 'பாதிக்கப்பட்டவர்' என்று எழுதி உதவினாராம்.

ஜில்லா ஆபீஸ் என்று மாமி சொன்னதை நான் சொன்னேன். எல்லா ஜில்லாவுமா என்று அவள் இரண்டு தடவை கேட்டாள். பிறகு, "அந்த ஏஜெண்டோட மச்சான் எங்க ஊர் கலெக்டர் ஆபீஸ்லதான் டிரைவரா இருக்கான் அக்கா" என்றாள்.

ரேவதியைக் கூப்பிட்டேன். விமானத்தில் ஏறிக்கொண்டிருந்தாள். டெல்லியில் இதே விஷயத்துக்கு இன்னொரு கூட்டமாம்.

மூன்றாம் நாள் திரும்பிப் போகும்முன் கடற்கரை பார்க்கலாம் என்று வைத்திருந்தேன். அதற்குப் பதிலாகக் காலை ஒன்பதரைக்கே அடையாறு அலுவலக வாசலில் செல்வியோடு நின்றேன். தாஸ் வண்டியை மர நிழலில் போட்டுவிட்டுக் காத்திருந்தார்.

அந்த உதவியாளர் பெயர் சுகுமார். முப்பத்தைந்து வயது, நெற்றியில் விபூதி, மேசை மிகச் சுத்தம். திட்டத் தயாராகப் போன எனக்கு அவர் நாற்காலி இழுத்துப் போட்டார். விஷயத்தைச் சொன்னதும் உண்மையிலேயே முகம் வாடினார். ஆனால் பதில் வேறு.

"மேடம், அந்தக் கட்டத்தை வெறுமையா விட்டா மேல கேள்வி கேப்பாங்க. அவங்க கஷ்டப்படறாங்களேன்னுதான் நான் எழுதினேன்" என்றார். அதைப் பெரிய உதவியாகவே நினைத்துச் செய்திருக்கிறார்.

தாளைக் கொடுங்கள் என்றேன். தாள் அங்கே இல்லை. அலுவலக நகல் இயந்திரம் பழுது. நடவடிக்கைக் குறிப்பு, பின்னிணைப்பு எல்லாவற்றையும் ஐம்பது நகல் எடுத்துக் கட்டுவதற்குச் சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு கடைக்குக் காலையிலேயே அனுப்பியாயிற்று. மாலை தபாலில் போகிறது. எங்கள் ஊரில் ஓர் அரசாங்கக் கடிதம் வர மூன்று மாதம் ஆகும். இங்கேயும் அப்படித்தான் என்கிறார்கள். இந்த ஒரு காகிதத்துக்கு மட்டும் எங்கிருந்து வந்தது இந்த வேகம்?

அலுவலகப் பதிவில் கை வைக்கத் தனக்கு அதிகாரம் இல்லை, கூட்டத்தை நடத்திய அம்மா சொல்ல வேண்டும் என்றார் சுகுமார். அந்த அம்மா கிண்டியில் வேறொரு கூட்டத்தில் இருந்தார்.

கிண்டிக்குப் போனோம். வரவேற்பில் பெயர், முகவரி எழுதச் சொல்லி ஒரு பதிவேட்டை நீட்டினார்கள். செல்வி கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். நான் மட்டும் எழுதிவிட்டு உள்ளே போனேன். ஒன்றரை மணி நேரம் கழித்து அந்த அம்மா வெளியே வந்தார். முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டார். அது ஒரு பெரிய குணம்தான்.

"ரொம்ப முக்கியமான பாயிண்ட். இதை எழுத்துல கொடுங்க. அடுத்த சுற்றுக் கருத்துல சேர்த்துடலாம்."

"இன்னிக்கு சாயங்காலம் தபால்ல போகுதும்மா."

"அது டிராஃப்ட் மினிட்ஸ்தானே."

"மினிட்ஸ் டிராஃப்டா இருக்கலாம். அந்தப் பொண்ணு படுத்துத் தூங்குற இடம் டிராஃப்ட் இல்ல. அங்க ஒருத்தன் வந்து நின்னா, அடுத்த சுற்றுல என்ன கருத்து சொல்வீங்க?"

குரல் கொஞ்சம் ஏறித்தான் போயிருக்க வேண்டும். இரண்டு பேர் கதவு வழியாக எட்டிப் பார்த்தார்கள். அந்த அம்மா கோபப்படவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு சுகுமாரைக் கைப்பேசியில் கூப்பிட்டார். பங்கேற்றவர் தானே எழுதியதைத் தானே கேட்டு வந்தால் விதிப்படி திருத்திக்கொள்ளலாம், அலுவலகம் எழுதியதைத் தொடக் கூடாது, வரிசை எண் விட்டுப்போகக் கூடாது என்று மூன்று வாக்கியம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

கிடைத்த வரைக்கும் போதும் என்று வண்டியில் ஏறினோம். சைதாப்பேட்டை தாண்டியதும் வண்டி இரண்டு முறை விக்கியது. கேஸ் தீர்ந்துவிட்டது. தாஸ் இறங்கித் தள்ள, நாங்களும் இறங்கித் தள்ள, பங்க்கில் முப்பது ஆட்டோ வரிசையில் நின்றன. "காலீல போட்டுக்கினு இருக்கணும், உங்களாண்ட பேசிக்கினு மறந்துட்டேன்" என்று என்மேலேயே பழி போட்டார். வேறு வண்டி பார்க்கலாம் என்று கைப்பேசியில் தேடினேன். இரண்டு பேர் எங்கே போக வேண்டும் என்று கேட்டுவிட்டு ரத்து செய்தார்கள்.  செல்வி கடையில் சொல்லாமல் வந்திருந்தாள். அவள் கைப்பேசி அடித்துக்கொண்டே இருந்தது. தாஸ் கடைசியில் வரிசையின் முன்னால் போய், "மச்சி, சீரியஸ் கேஸ் ஒண்ணு வண்டில கீது" என்று சொல்லி இடம் வாங்கினார். எல்லோரும் திரும்பி என்னைத்தான் பார்த்தார்கள். நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டேன்.

சிந்தாதிரிப்பேட்டையில் கூவம் வாசத்தைத் தாண்டி, பைண்டிங் கடைகளும் சாமான் கடைகளுமாக இருந்த ஒரு சந்தில் அமீர் பாயின் நகல் கடை. இரண்டு இயந்திரங்கள், தரை முழுக்கக் காகிதக் கட்டுகள். எங்கள் காகிதம் கண்ணுக்கு நேராகக் கல்லா மேலேயே கிடந்தது. மேலே இருந்த பக்கத்தில் செல்வியின் பெயர், முகவரி, எண். வருகிறவர் போகிறவர் யாரும் படிக்கலாம். முப்பத்திரண்டு நகல் கட்டி முடித்துவிட்டார்.

"கவர்மென்ட் பேப்பர்மா. அந்தத் தம்பி வராம நான் கை வைக்க மாட்டேன். ஆனா ஒண்ணு, இனிமே ஓட்ட மாட்டேன்" என்று சொல்லி இயந்திரத்தை நிறுத்தினார். கட்டைத் திருப்பிப் போட்டு, அதன்மேல் பழைய காலண்டர் ஒன்றை வைத்தார். இரண்டு நாளில் செல்வியின் பெயரை மறைத்த முதல் ஆள் அவர்தான்.

சாப்பாட்டு நேரத்தில் சுகுமார் பைக்கில் வந்தார். பையில் கோந்துப் புட்டியும் ரப்பர் முத்திரையும். வெள்ளைத் தாளில் ஒரு விரல் அகலம் வெட்டி, செல்வியின் பெயரும் முகவரியும் எண்ணும் கையொப்பமும் மறையும்படி, பதவிக் கட்டத்துக்கு மட்டும் நடுவில் இடம் விட்டு, அளவு பார்த்தார். ஒட்டுவதற்குமுன் நிறுத்தினார்.

"பதினேழாம் நம்பர் காலியா இருக்க முடியாது மேடம். ஆள் வந்திருக்காங்கன்னு எண்ணிக்கை போட்டாச்சு."

"நான் கையெழுத்துப் போடல" என்றேன். "நான் கழிப்பறை சாவிக்கு நின்னுக்கிட்டு இருந்தேன். என்னைப் போடுங்க."

அவர் யோசித்தார். அந்தக் கூட்டத்தில் நான் இருந்தது உண்மை. என் பெயர் தாளில் இல்லை என்பதும் உண்மை. விதியில் இடமிருந்தது. வெள்ளைத் துண்டில் என் பெயர், கிள்ளான் முகவரி, கைத்தொலைபேசி எண், கையொப்பம் எல்லாம் எழுதினேன். அவர் ஒட்டி, ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டார். பதவிக் கட்டம் அப்படியே இருந்தது. அது அலுவலகம் எழுதியது, தொடக் கூடாது. ஆகவே நான் பாதிக்கப்பட்டவர் ஆனேன். "சாரி மேடம்" என்றார் சுகுமார், முத்திரையை ஊதிக்கொண்டே.

முப்பத்திரண்டு கட்டையும் பிரித்து, அந்தப் பக்கத்தை உருவி, புதுப் பக்கத்தைச் சொருக வேண்டும். பாய், சுகுமார், தாஸ், நான், செல்வி என்று ஐந்து பேரும் தரையில் உட்கார்ந்தோம். அதற்குள் தாஸ் பக்கத்துக் கடையிலிருந்து வாழைக்காய் பஜ்ஜி வாங்கிவந்தார். பஜ்ஜியைச் சுற்றியிருந்த துண்டுக் காகிதத்தைப் பார்த்ததும் செல்வி எழுந்துவிட்டாள். அதில் கட்டங்கள் இருந்தன. பாய் நெற்றியில் அடித்துக்கொண்டார். மை சரியாக விழாத நகல்களை அவர் தினமும் பஜ்ஜிக் கடைக்குக் கொடுப்பது வழக்கம். இன்றைக்கும் கொடுத்திருக்கிறார்.

பஜ்ஜிக் கடையம்மாவிடம் போய் நின்று, வெட்டி அடுக்கியிருந்த காகிதம் மொத்தத்தையும் கேட்டேன். "இன்னாத்துக்குமா? நான் எதுல சுத்திக் குடுக்கிறது?" என்று சண்டைக்கு வந்தார். பாய் ஒரு கட்டுப் பழைய செய்தித்தாளைக் கொடுத்துச் சமாதானம் செய்தார். துண்டுகளைக் கல்லாமேல் பரப்பிச் சேர்த்துப் பார்த்தோம். கெட்டுப்போன நகல் மூன்று. மூன்றிலும் செல்வியின் வரி முழுதாகக் கிடைத்தது. ஒன்றில் அவள் கைப்பேசி எண்மேல் எண்ணெய் வட்டம்.

துண்டுகள், உருவிய பக்கங்கள் எல்லாவற்றையும் செல்வி தன் கைப்பையில் திணித்துக்கொண்டாள். விடுதிக்குப் போய் வாளித் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாகக் கசக்கிக் கொட்டியதாகப் பிறகு சொன்னாள். அன்றைக்கு வண்டியில் திரும்பும்போது அவள் சந்தோஷமாக இருப்பாள் என்று நினைத்தேன். வெளியே பார்த்துக்கொண்டே வந்தவள், "பேசுனது நான் அக்கா. இப்ப அந்தக் காகிதத்துல நான் வந்ததாவே இல்ல" என்றாள்.  தாஸ் ஹார்ன் அடிக்காமல் விடுதி வாசல்வரை ஓட்டினார். அது அவருக்குப் பெரிய காரியம்.

நான் ஊர் திரும்பிச் சில வாரங்கள் கழித்து, கடையில் கூட்டமாக இருந்த ஒரு காலை நேரம், தபால்காரர் ஒரு பழுப்பு உறையோடு வந்தார். மலாய்க்காரர், பல வருடப் பழக்கம். வழக்கமாக உறையைக் கல்லாவில் போட்டுவிட்டுப் போகிறவர், அன்றைக்குக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். உறையின் மேல் என் பெயர். அதற்குக் கீழே, பெயரைவிடப் பெரிதாக, பாதிக்கப்பட்டவர் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சு செய்திருந்தது. "அக்கா, உங்களுக்கு ஒன்றும் இல்லையே?" என்று அவர் மலாயில் மெதுவாகக் கேட்டார். ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஏழெட்டுப் பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். மாலைக்குள் என் தங்கை ரவாங்கிலிருந்து அழைத்து அழுதாள்.

உள்ளே நடவடிக்கைக் குறிப்பு. முதல் பாதுகாப்பை அனைத்துத் துறைகளும் ஒருமனதாக வரவேற்றன என்று இருந்தது. மற்ற மூன்றுக்கும் கருத்துகள் பரிசீலனையில். செல்வியின் நான்கு நிமிடம் ஒரு வரி: பாதிக்கப்பட்டவர் தமது அனுபவத்தைப் பகிர்ந்துகொண்டார், குறித்துக்கொள்ளப்பட்டது.

செல்வியை அழைத்து உறையில் இருந்ததைச் சொன்னேன்.

"மேல எல்லாருக்கும் தெரியற மாதிரியா?"

"பெரிய எழுத்துல."

"எங்க ஹாஸ்டல்ல தபாலை வாசல் மேசையில பரப்பி வைப்பாங்க" என்றாள். பின்னால் ஓடிக்கொண்டிருந்த தையல் இயந்திரத்தை நிறுத்தினாள். 

"நாளைக்குக் கோர்ட்டு அக்கா. அங்க பேரு கேப்பாங்க. என் பேரை நானே சொல்லிக்கிறேன்."